ரெண்டு பேர் மிதக்கிற டியூபும் தீராத ஒரு கணக்கும்

வாங்கிய பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தில் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதக்கிற பிளாஸ்டிக் காற்று டியூப். எட்டைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். ரெண்டு ஓட்டை, நடுவில் ஒரு பாலம். பாரிமுனையில் பொம்மைச் சாமான் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் எடுத்தேன். டப்பாவில் கம்பெனி பெயர் இருந்தது, இங்கே எழுத அவசியமில்லை. பத்துக் கடையில் பத்துப் பெயரில் இதே சரக்குதான் தொங்குகிறது.

"எந்த பீச்சுக்கு மேடம்?" என்றார் கடைக்காரர்.

"பீச்சுக்கு இல்லண்ணே, கிளாஸ் எடுக்க."

"ஸ்விம்மிங் கிளாஸா?"

"கணக்கு கிளாஸ்."

850 சொன்னவர் அதைக் கேட்டதும் 750-க்கு இறங்கிவிட்டார். வாத்தியாருக்குக் காட்டிய மரியாதையா, பரிதாபமா, தெரியவில்லை.

நான் ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். ஆராய்ச்சி பகுதி நேரம்தான், அதாவது ராத்திரி பத்து மணிக்கு மேல். பரப்புகளின் அடிப்படைக் குலத்தை அதிபரவளையத் தளத்தின் நகர்வுகளுக்குள் அனுப்புவது என் தலைப்பு. கேட்டதுமே எழுந்து போய்விடாதீர்கள். அதிபரவளையத் தளம் என்பது எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்த தளம், மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன். டியூப் நல்லதா இல்லையா என்று சொல்ல இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது, கணக்கைச் சொல்ல டியூப் வேண்டியிருக்கிறது. மே மாதம் எங்கள் கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பி.எஸ்.சி. மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு முகாம். அதில் மூன்று வகுப்பு எனக்கு. ரெண்டு ஓட்டைப் பரப்பைக் கரும்பலகையில் வரைந்தால், பின்பக்கம் போகிற கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட வேண்டும். அந்தப் புள்ளிக் கோட்டிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். போன வருஷம் மெதுவடை வைத்துச் சொன்னேன். ஒரு ஓட்டைக்கு வடை பிரமாதம். ரெண்டு வடையை ஒட்ட முடியவில்லை, பாடம் முடிவதற்குள் ஆதாரமும் காலி.

டியூபுக்கு வருகிறேன். மடித்து வருகிறது. பிரித்தால் புது ரெயின்கோட் வாசனை, ரெண்டு நாள் மொட்டை மாடியில் போட்டால்தான் போகிறது. வாயால் ஊத எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. வால்வை விரலால் நசுக்கிக்கொண்டே ஊத வேண்டும், விட்டால் காற்று நிற்கும். சைக்கிள் பம்பின் முனை இதில் பொருந்தாது. பலூன் ஊதுகிற கைப்பம்பு 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அம்மா கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, மழை வெள்ளம் வருதுன்னு நியூஸ்ல சொன்னானா?" என்றார். வேளச்சேரியில் குடியிருந்த குடும்பம் எங்களுடையது, அந்தக் கேள்வியில் கிண்டல் பாதிதான்.

கடையில் நான் கவனிக்காத விஷயம் ஒன்று ஊதிய பிறகுதான் தெரிந்தது. இந்தப் பொருளின் பெருமையே அதுதான், டப்பாவில் ஒரு வரிகூட எழுதவில்லை. டியூபை எப்படிச் செய்கிறார்கள்? ஒரே மாதிரி ரெண்டு தட்டைத் தாள். ஒவ்வொன்றும் ஒரு நீள்வட்டம், உள்ளே ரெண்டு ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மூன்று இடத்தில் சூடு காட்டி ஒட்டுகிறார்கள்: வெளி ஓரத்தைச் சுற்றி ஒன்று, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒன்று. அந்த ஒட்டு விளிம்பு அரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது, தடவினாலே விரலுக்குத் தெரியும்.

ரெண்டு ஓட்டைப் பரப்பை ஆராய்கிறவர்கள் முதல் வேலையாகச் செய்வதும் இதையேதான். மூன்று மூடிய கோடுகளைத் தேர்ந்து, அவற்றின் வழியே வெட்டி, பரப்பை ரெண்டு துண்டாக்குகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று விளிம்பு: ஒரு இடுப்பு, ரெண்டு கால். கணிதத்திலும் அதற்குக் கால்சட்டை என்றுதான் பெயர். எந்த ஊர் தொழிற்சாலையோ, நான் ஒரு வருஷம் சிரமப்பட்டு விளங்கிக்கொண்ட படத்தைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி 750 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறது. இதற்கே ரெண்டு நட்சத்திரம்.

அடுத்தது எலாஸ்டிக். தையல் சாமான் கடையில் அரை இஞ்ச் எலாஸ்டிக் ஐந்து மீட்டர், ஐந்து நிறத்தில். ரப்பர் பேண்டை வைத்து ஏமாந்த பிறகு கண்ட வழி இது. வெளி ஓரத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டலாம். நடுப்பாலத்தைச் சுற்றி மாட்டிப் பாருங்கள், நடக்காது. பேண்டை வெட்டி, ஓட்டை வழியாக நுழைத்து, மறுபடி முடிச்சுப் போட்டால்தான் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, "மிஸ், இது வளையல் மாதிரி, கையை வெட்டினாத்தான் கழட்ட முடியும்" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

ஐந்து எலாஸ்டிக்கை வரிசையாகக் கட்டினோம். இடது குழாயைச் சுற்றி ஒன்று, இடது ஓட்டையின் விளிம்பில் ஒன்று, பாலத்தைச் சுற்றி ஒன்று, வலது ஓட்டையில் ஒன்று, வலது குழாயில் ஒன்று. சங்கிலி மாதிரி, அடுத்தடுத்தவை ஒரே ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். ஒரு கோட்டின் வழியே பரப்பை வெட்டி, ஒரு பக்கத்தை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, திரும்ப ஒட்டுவதற்கு டேன் முறுக்கு என்று பெயர். ரெண்டு ஓட்டைப் பரப்பை அதன் மேலேயே, கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டாமல், எப்படிச் சுருட்டி மடக்கி வைத்தாலும், அதை இந்த ஐந்து முறுக்குகளாலும் அவற்றைத் தலைகீழாகச் செய்வதாலும் கட்டிவிடலாம். லிக்கோரிஷ் 1964-ல் காட்டிய விஷயம். பிளாஸ்டிக்கில் இதைச் செய்துகாட்ட முடியாது. கைகளைப் பின்னிக் காட்டிச் சமாளித்தேன். இது டியூபின் குறை என்று அரை நட்சத்திரம் குறைக்கலாம் என நினைத்தேன், மனசு வரவில்லை.

இனி அந்தத் தீராத கணக்கு.

டியூபின் மேல் ஒரு புள்ளியில் கிளம்பி அங்கேயே திரும்பி வருகிற சுற்றுகள் எல்லாம் சேர்ந்து ஒரு குலம் (குரூப்), அடிப்படைக் குலம் என்றது இதைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அதிபரவளையத் தளத்தின் ஒரு நகர்வைக் கொடுங்கள், அதாவது தூரம் எதுவும் மாறாமல் தளத்தை நகர்த்துகிற ஒரு வழியை. ஒரு சுற்றை முடித்து அடுத்ததைச் சுற்றினால், நகர்வுகளும் அதே மாதிரி அடுத்தடுத்துச் சேர வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். இதை ரெப்ரசென்டேஷன் என்போம். நகர்வுகளில் மூன்று ரகம். பிள்ளைகளுக்கு நான் சொன்னது இது: அம்மிக் குழவி ஒரு கோட்டின் வழியே தள்ளிக்கொண்டு போகும், அது ஹைபர்பாலிக். ஆட்டுக்கல் குழவி ஒரு குழியில் நின்று சுற்றும், அது எலிப்டிக். ஆட்டுக்கல்லைத் தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து ஆட்டினால் பாரபாலிக். மிக்ஸி காலத்துப் பிள்ளைகள், பாதிப் பேர் ஆட்டுக்கல்லைப் பார்த்ததே இல்லை. அதற்கு வேறு ஒரு படம் போட வேண்டியிருந்தது.

டியூபுக்கு நேர்மையான ஒரு அதிபரவளைய வடிவம், அதாவது எல்லா இடத்திலும் சேணம் மாதிரி ஒரே அளவில் வளைந்த வடிவம் இருந்தால், அதிலிருந்து ஒரு ரெப்ரசென்டேஷன் தானாகக் கிடைக்கும். அதில் புள்ளியாகச் சுருங்காத எல்லாச் சுற்றும் அம்மி ரகம்தான், ஆட்டுக்கல் ஒன்றுகூட வராது. இப்போது திருப்பிக் கேளுங்கள். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத சுற்றுகளை மட்டும் பார்க்கிறோம், நம் எலாஸ்டிக் மாதிரி. அவை எல்லாம் அம்மியாக இருந்தால், அந்த ரெப்ரசென்டேஷன் நேர்மையான வடிவத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டுமா? பிரையன் பௌடிச் 1998-ல் துளையுள்ள பரப்புகளுக்குக் கேட்ட கேள்வி. துளை என்றால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி விடுபட்ட இடம், டியூபின் ஓட்டை வேறு. துளையில்லாத பரப்புக்கும் அப்படியே கேட்கலாம். கேட்கப் பத்து வினாடி, விடைக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள்.

டியூப் இங்கேதான் காசுக்கு மேல் வேலை செய்தது. மூன்று ஒட்டு விளிம்பும் அம்மியாக அமைந்தால், மேல்தாளுக்கு ஒரு எண், அடித்தாளுக்கு ஒரு எண் கிடைக்கும். ஒவ்வொன்றும் -1, 0, 1 என்ற மூன்றில் ஒன்று. ரெண்டையும் கூட்டினால் வருவது ஆய்லர் எண். ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்தேன். மேலே 1, கீழே 1 என்றால் கூட்டினால் 2, இது உச்சம். -2 மறுகோடி, எதிர்ப்பக்க உச்சம். இந்த எல்லையைத் தாண்ட முடியாது என்பது ஜான் மில்னர் 1958-லும் ஜான் வுட் 1971-லும் நிறுவியது. நேர்மையான வடிவங்கள் இந்த ரெண்டு உச்சத்தில் மட்டுமே இருக்கும் என்பதும், எல்லா ரெப்ரசென்டேஷனும் சேர்ந்த வெளியில் ஒவ்வொரு எண்ணுக்கும் இணைந்த ஒரே துண்டுதான் உண்டு என்பதும் வில்லியம் கோல்ட்மன் சொன்னவை. முன்னது அவருடைய 1980 ஆய்வேட்டில், பின்னது 1988 கட்டுரையில். ரெண்டு ஓட்டைக்கு -2 முதல் 2 வரை ஐந்து துண்டு. பிள்ளைகள் ஸ்டிக்கரை மாற்றி மாற்றி ஒட்டி ஐந்தையும் எண்ணிவிட்டார்கள். ஸ்டிக்கர் பசை பிளாஸ்டிக்கில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகிறது.

உச்சத்தில் இல்லாத துண்டுகளில் என்ன நடக்கிறது? கோல்ட்மனின் ஊகம்: டேன் முறுக்குகள் அங்கே எல்லாவற்றையும் எர்காடிக்காகக் கலக்கும். மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்குகிற மாதிரி. கலக்கலுக்கு மாறாமல் தனித்து நிற்கிற பகுதி என்று ஒன்று இருந்தால், அது ஒன்றுமில்லாததாக இருக்கும், இல்லையென்றால் கிட்டத்தட்ட முழு மாவாகவே இருக்கும். இந்தக் கலக்கலுக்கும் பௌடிச் கேள்விக்கும் உள்ள தொடர்பு எனக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆயிற்று. ஒரு எலாஸ்டிக் ஆட்டுக்கல் ரகமாக அமைந்து, அதன் கோணம் முழுச் சுற்றின் விகிதமுறாப் பங்காக இருந்தால், அதன் வழியே முறுக்க முறுக்க ஒரு வட்டத்தின் மேல் சுற்றிச் சுற்றி எல்லா இடத்துக்கும் பக்கத்தில் வந்துபோகும். கலக்கல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. எலாஸ்டிக் அம்மியாக இருந்தால் முறுக்கு ஒரு திசையில் ஓடிப்போகும், திரும்பிப் பார்க்காது. ஆக, உச்சம் தவிர்ந்த இடத்தில் எங்காவது ஒரு ஆட்டுக்கல் ஒளிந்திருக்கிறது என்று காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்களைச் சொல்லாமல் போக மனசில்லை. பரப்புக் குலத்தை, நகர்வுகளுக்குப் பதிலாக, நீளத்தை மாற்றாத யூனிட்டரி அணிகளுக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்று 1965-ல் எழுதியவர்கள் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். ரெண்டு பேரும் 1932-ல் பிறந்தவர்கள், ரெண்டு பேரும் லயோலா கல்லூரி. சேஷாத்ரிதான் பின்னால் சென்னை கணிதவியல் கழகத்தை உண்டாக்கினார். அவர்கள் இறங்கிய யூனிட்டரி உலகத்தில் அம்மியே கிடையாது, எல்லாம் ஆட்டுக்கல். அதனால்தான் எஸ்.யு.2 என்ற யூனிட்டரி குலத்துக்குக் கலக்கல் உண்டு என்று 1997-லேயே கோல்ட்மனால் நிறுவ முடிந்தது. நம் பக்கத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கலந்து கிடக்கின்றன, சங்கடம் அதில்தான்.

ரெண்டு ஓட்டைக்கு விடை வந்துவிட்டது. ஜூலியன் மார்ஷே, மாக்சிம் வோல்ஃப் என்ற ரெண்டு பேர் 2016-ல் வெளியான கட்டுரையில், ஆய்லர் எண் 1, -1 துண்டுகளில் கோல்ட்மன் சொன்னபடியே கலக்கல் நடக்கிறது என்று நிறுவினார்கள். 0 துண்டில் மட்டும் ஒரு வேடிக்கை, அங்கே ஒன்றோடொன்று கலக்காத ரெண்டு குவியல். நல்ல ஊகம் என்றால் இப்படி ஒரு இடத்தில் முகம் கோண வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். துளையுள்ள பரப்பில் பௌடிச் கேள்வியே ஒரு இடத்தில் விழுந்தது. நான்கு துளையுள்ள கோளத்துக்குத் தியான் யாங் 2016-ல் எதிர் உதாரணம் கொடுத்தார்: எலாஸ்டிக் எல்லாம் அம்மி, ஆனாலும் நேர்மையான வடிவம் இல்லை. கோல்ட்மன் ஊகம் மட்டும் அங்கே பிழைத்துக்கொண்டது, அதையும் அவரே நிறுவினார்.

மூன்றாவது வகுப்பில் ஸ்கெட்ச் பேனாவால் ஆறு புள்ளி வைத்தோம். டியூபின் நீளவாக்கில், ரெண்டு ஓட்டையையும் ஊடுருவி ஒரு கம்பு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பு பிளாஸ்டிக்கைத் தொடும் இடம் ஆறு: ரெண்டு ஓரம், இடது ஓட்டையின் ரெண்டு பக்கம், வலது ஓட்டையின் ரெண்டு பக்கம். கம்பைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினால் மேல்தாள் கீழே போகும், கீழ்த்தாள் மேலே வரும், ஆறு புள்ளியும் அசையாது. எல்லாம் ஒட்டு விளிம்பின் மேலேயே, விளிம்புக்கு ரெண்டாக உட்கார்ந்திருந்தன. இதை நான் திட்டமிடவில்லை, பேனாவை வைத்தபோதுதான் பார்த்தேன். மார்ஷேயும் வோல்ஃபும் 0 துண்டின் மிச்சக் கதையை முடித்தது இன்னொரு கட்டுரையில். அதிபரவளையத் தளத்தில் ஆறு புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு அரைச் சுற்று, ஆறையும் வரிசையாகச் செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட ஆறு புள்ளிகளின் கணக்கு அது. பிளஸ் டூ பையன் ஒருவன் டியூபைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டே "ஆறும் அங்கேயே இருக்கு மேடம்" என்று கத்தினான். மின்விசிறியில் இடிக்காமல் தப்பித்தோம்.

இப்போது குறைகள். முதல் குறை, வால்வு. மூடியை அழுத்தி உள்ளே தள்ளினாலும் மெல்லக் கசிகிறது. காலையில் கல் மாதிரி இருந்தது சாயங்காலம் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. ஒன்றரை மணி நேர வகுப்புக்குப் போதும், குளத்துக்குக் கொண்டு போகிறவர்கள் யோசியுங்கள்.

ரெண்டாவது, ஓட்டைப் பக்கம் முழுக்கச் சுருக்கம். தட்டைத் தாளைக் குழாயாக ஊதினால் உள்வளைவில் பிளாஸ்டிக் மிஞ்சிப்போய் மடிகிறது. இது தயாரித்தவர் தப்பில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் அவர் தப்பில்லை. என் பாடத்துக்கு வேண்டிய பரப்பு எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருக்க வேண்டும். டியூபோ வெளி ஓரத்தில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கிறது. யார் செய்தாலும் அப்படித்தான் புடைக்கும். மூடிய எந்தப் பரப்பையும் ஒரு உருண்டைக்குள் அடக்கி, உருண்டையை இறுக்கிக்கொண்டே வந்தால், அது முதலில் உரசுகிற இடத்தில் பரப்பு உருண்டை போலப் புடைத்துத்தானே இருக்க வேண்டும்? முழு அதிபரவளையத் தளத்தையே நம் முப்பரிமாண வெளியில் மடிப்பில்லாமல் விரித்து வைக்க முடியாது என்று ஹில்பர்ட் 1901-ல் நிறுவிவிட்டார். ஆகவே இந்த டியூப் தன் உண்மையான வடிவத்தை இந்த உலகத்தில் என்றைக்கும் உடுத்திக்கொள்ளாது. இதற்கு நட்சத்திரம் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது குறை என் புத்தி. எலாஸ்டிக் முனைகளைச் சேர்க்கத் தெரியாமல் ஊக்கு குத்தினேன். காற்று டியூபில் ஊக்கு! மூன்றாவது வகுப்பு முடிகிற நேரம் பாலத்துக்குப் பக்கத்தில் புஸ் என்று சத்தம். "துளையுள்ள பரப்பு ஆயிடுச்சு மேடம்" என்றது ஒரு குரல். பாடம் ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, 750 ரூபாய் போச்சே என்று அழுவதா? டப்பாவோடு வந்த ஒட்டுத் துண்டு சுருக்கத்தின் மேல் உட்காரவில்லை. வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி வந்துகொண்டே இருந்தது. நீங்கள் வாங்கினால் எலாஸ்டிக் முனையில் அழுத்துப் பட்டன் தைத்துக்கொள்ளுங்கள், ஊக்குப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலால் மூன்று ஒட்டு விளிம்பின் வழியே வெட்டினேன். நேராக வெட்ட அரை மணி ஆயிற்று. ரெண்டு தாளும் தரையில் தட்டையாக விழுந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு இடுப்பு, ரெண்டு கால். ஒன்றை மடித்து அலுவலக மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். இன்னொன்றை அம்மா எடுத்துக்கொண்டு போனார், மாடியில் வடாம் காயப்போட ஆகும் என்று. ஓட்டை இருக்கிறதே என்றேன். "அதுல கால வச்சு நின்னுதான் பிழியப்போறேன்" என்றார்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று வால்வுக்கு. போன சனிக்கிழமை ரெண்டாவது டியூப் எடுக்க அதே கடைக்குப் போனேன். கேள்வி திறந்து கிடப்பது மூன்று ஓட்டை முதல்தானே, அடுத்த முகாமுக்கு அதுவும் கையில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு ஆசை.

"அண்ணே, மூணு பேர் உக்கார்ற மாதிரி, மூணு ஓட்டையோட இருக்கா?"

அவர் மேல் தட்டைப் பார்த்தார், உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டார், பிறகு தலையை ஆட்டினார். "மூணு பேருக்குன்னா படகுதான் மேடம் வருது. ஓட்டை இருக்காது."

ரெண்டு ஓட்டையிலேயே இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த முறை 700.